ஒரு கை தைத்த ரவிக்கை

எங்கள் வீட்டில் இடிக்கும் என் கணவருக்கும் எப்போதும் ஓட்டப்பந்தயம்தான். வானம் முதல் உறுமல் உறுமியதும் மனிதர் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிடுவார். கையில் தே ஓ என்கிற பால் விடாத தேநீர் இருந்தால் அதோடு, இடுப்பில் துண்டு மட்டும் இருந்தால் அந்தத் துண்டோடு. டிவி, குளிர்சாதனப் பெட்டி, மோடம், சோறு பொங்கும் பானை என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே போவார். இரண்டாவது இடி இடிப்பதற்குள் வீட்டில் எந்தக் கம்பியும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்காது. அதன்பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து, வேலை முடிந்தது என்பதுபோல மழையைப் பார்ப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரான உலு திராமில் மத்தியானத்துக்கு மேல் இடிக்காத நாளை எண்ணிவிடலாம். அவர் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்து வீட்டு வரிசையில் முதல் கலர் டிவி இவர்கள் வீட்டில்தானாம். வாங்கிய சூடு ஆறுமுன் மின்னல் ஆன்டெனா வழியாக இறங்கி அதைக் கரிக்கட்டையாக்கிவிட்டது. அன்றைக்கு விழுந்த பயம் கையில் ஏறிக்கொண்டது. தலை யோசிப்பதற்கு முன்னால் கை பிடுங்கிவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

நான் ரவிக்கைக்கு எம்பிராய்டரி போடுகிறவள். கையால் அல்ல, மெஷினால். எங்கள் வீட்டு வரவேற்பறையில் சோபா கிடையாது. இந்தப் பக்கம் எம்பிராய்டரி மெஷின், அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், நடுவில் விருந்தாளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பென்டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால் அது கடகடவென்று தைத்துத் தரும். வரைவதற்கான மென்பொருள் அந்தக் காலத்தது. புதிய கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஆகவே கிழவனை வைத்துக் காப்பாற்றி வந்தேன். விசிறி நின்றால் விசிறி மாற்றினேன். பவர் பெட்டி போனால் அதையும் மாற்றினேன். கல்யாணத்துக்கு முன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை பார்த்தவள் நான், திருப்புளிக்குப் பயந்தவள் அல்ல.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண் ரவிக்கைக்காகப் பண்டார் தெங்காராவிலிருந்து வந்தாள். சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே பாலம் தாண்டுகிறவள், கண்ணுக்குக் கீழே கருமை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கரும்பச்சைப் பட்டுச் சேலை, அதோடு வந்த ரவிக்கைத் துணி. நான் வழக்கம்போல மயில், மாங்காய், தாமரைப் படங்களைக் காட்டினேன். எதையும் அவள் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி, எனக்கு ரெண்டு கையிலயும் செம்பனைக் குலை போட்டுத் தருவீங்களா?"

"என்னாது?"

"செம்பனைக் குலை. எங்கப்பா வெட்டுவாரு. அம்மா பழம் பொறுக்குவாங்க. இப்பவும் போறாங்க. என்னைப் படிக்க வெச்சது மயிலா ஆன்ட்டி? செம்பனைதானே?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. எத்தனையோ கல்யாணத்துக்குத் தைத்திருக்கிறேன், ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்லை. "போடறேன்மா. யாரும் போட்டதில்ல, நான் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தக் குலையை எப்படி நூலில் கொண்டுவருவது என்ற யோசனையே வந்தது.

லேசான வேலை இல்லை. செம்பனை என்பது எண்ணெய் பிழியும் பனை. அதன் குலை முள்ளும் பழமுமாக நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அடியில் கறுப்பு, நடுவில் சிவப்பு, நுனியில் ஆரஞ்சு. கடைத்தெருவுக்குப் போகிற வழியில் குலை ஏற்றிய லாரி நின்றால் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். லாரிக்காரர் ஒருவர் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார். முதலில் பரீட்சைக்காக ஒன்று வரைந்தேன். ஒரு பழத்தை வரைந்து அதையே நகல் எடுத்து எடுத்து மேலே அடுக்குவேன். வேண்டாத பழங்களைக் குலைக்குக் கீழே ஓரமாகத் தள்ளி வைப்பேன், தையல்காரி மீதிப் பொத்தானை மேசை ஓரத்தில் வைப்பதுபோல. அதை மெஷின் தைக்கும் படமாக மாற்றிப் பழைய துணியில் தைத்துப் பார்த்தேன். குலை அம்சமாக வந்தது. ஓரத்தில் கிடந்த பழங்களை எல்லாம் நீக்கி, ஒரு ஓலையும் சேர்த்து, சுத்தமாக இரண்டாவது படத்தை முடித்தேன். அதுதான் கடைசிப் படம்.

வலது கையைத் தைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கையை வீட்டில் காட்டிவிட்டு அப்புறம் மறு கையைத் தைக்கலாம் என்று முன்பே பேச்சு. பெண்ணின் அம்மா பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டுமாம். அந்த இடைவெளியில் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சட்டைகளில் பேர் தைக்கும் வேலை வந்தது. என் மெஷின் பழசு, பென்டிரைவில் ஒரு வேலைக்கு மேல் இருந்தால் குழம்பும். அதனால் செம்பனையைத் துடைத்துவிட்டுப் பேர்களை ஏற்றினேன். கம்ப்யூட்டரில்தான் படம் இருக்கிறதே. அங்கே இருக்கும்போது எனக்கென்ன கவலை? வேறெங்காவது நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று இப்போது கேட்பவர்கள், கேள்வியைத் தங்கள் வீட்டு அலமாரியிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

"அம்மாவுக்குப் புடிச்சிருக்கு, அடுத்த கையும் தைங்க ஆன்ட்டி" என்று செய்தி வந்த அன்று மத்தியானம் நான் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பில் குழம்பைப் பார்க்கப் போனேன். மேகம் முழங்கியது. என் கணவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் உறையோடு ஓடிப்போய்ப் பிடுங்கினார். "நிறுத்திட்டு..." என்று நான் வாயெடுப்பதற்குள் திரை கறுத்தது. மழை விட்ட பிறகு திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. பதறுவது வேலையை நிறுத்தும். முதலில் காது கொடுத்துக் கேட்டேன். விசிறி ஓடியது, பவர் பெட்டி முனகியது. நடுவில் இன்னொரு சத்தம். டக், டக், கொஞ்சம் மூச்சு விட்டு, மறுபடி டக். பெட்டியைக் கழற்றினேன். உள்ளே சாம்பிராணிப் புகையும் நூல் தூசியும் சேர்ந்து ஒரு பஞ்சு மெத்தையே இருந்தது. அதைத் துடைத்தேன். கம்பி தளர்ந்திருக்கலாம் என்று கம்பியை மாற்றினேன். மெமரித் தகட்டைப் பிடுங்கி, துடைத்து, திரும்ப அழுத்தினேன். அதே டக் டக். ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் விரலை வைத்தேன். உள்ளே தட்டு சுற்றத் தொடங்கி, தயங்கி, மறுபடி தொடங்கியது. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

எத்தனை வருஷம்! எத்தனை இடி! ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டைத் திடீரென்று நிறுத்தினால் அது எவ்வளவுதான் தாங்கும்?

"இந்தாங்க, இங்க வாங்க. இதத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு."

"சூடா இருக்கா? என் வயிறு அதவிடச் சூடா இருக்கு! மின்னல்லருந்து காப்பாத்தறேன்னு நீங்களே மின்னலா வந்து விழுந்திருக்கீங்க! இந்தப் பொண்ணோட கல்யாணம் ஞாயித்துக்கெழம. ஒரு கை தெச்சாச்சு. இன்னொரு கைய நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவர் டிஸ்க்கிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். ஒரு கால் உறை இன்னும் காலிலேயே இருந்தது. எனக்குக் கோபத்திலும் அது கண்ணில் பட்டது.

மறுநாள் காலை ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, எங்கள் தாமான் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஆச்சி, இனி சூடா நாக் மாத்தி லா. புவாங் சாஜா. பெலி பாரு."

சாகக் கிடக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்று மலாயில் சொல்கிறார். புதுசு வாங்கத்தான் போனேன். அதிலே சண்டையில்லை. ஓடுகிற தட்டே இல்லாத புது வகை டிஸ்க் ஒன்று வாங்கினேன், இடிக்கும் புருஷனுக்கும் அதுதான் தோது. கூடவே பழைய டிஸ்க்கை வெளியிலிருந்து மடிக்கணினியில் இணைக்கும் கம்பி ஒன்று, சுவரில் செருகும் பவர் துண்டோடு. உள்ளே இருப்பதை எடுத்துத் தரும் ஆட்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்களாம், வாரக்கணக்கில் ஆகுமாம். எனக்கு வாரம் இல்லை.

பெண்ணுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பூசி மெழுகுவது எனக்கு வராது. பேருந்து இரைச்சலில் அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "வலது கையையே பாத்து இன்னொண்ணு வரைய முடியாதா ஆன்ட்டி?" என்றாள். வரையலாம், வாரக்கணக்காகும், அந்த மென்பொருளே இப்போது படுத்துக் கிடக்கிறது என்றேன். "சரி ஆன்ட்டி. முடியலன்னா விடுங்க. கையில்லாத மாதிரி தெச்சுக்கலாம்" என்று சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். "வேற துணி எடுத்து ரெண்டு கையிலயும் மயில் போட்டுடேன். உன் மயிலுக்கு ஊரே கியூ நிக்குதே."

"மயிலைப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீங்க, உங்க லுங்கியில மயில் தெச்சு விட்டுருவேன்!"

அதன்பிறகு அவர் மயில் பேச்சை எடுக்கவில்லை. குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் டிஸ்க் ஓடும் என்று யாரோ சொன்னதாக ஒரு வைத்தியம் கொண்டுவந்தார். "அது என்னா கோழியா?" என்று கேட்டேன். அதையும் விட்டுவிட்டார்.

சாகப்போகிற டிஸ்க்கை எப்படிக் கையாள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழுது பார்க்கும் மென்பொருளை அதன்மேல் ஓட்டக்கூடாது. எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்படக்கூடாது. ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, எது உயிரோ அதை முதலில் எடுக்க வேண்டும். மகள் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, டிஸ்க்கைத் துண்டின்மேல் படுக்கவைத்து இணைத்தேன். முதல் முறை கண்ணில் தெரியவில்லை. நிறுத்தி ஆறவிட்டேன். இரண்டாம் முறை சுற்றியது, பேர் வந்தது. வாடிக்கைக்காரர்களின் படங்களைப் போட்டு வைத்த கோப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. செம்பனைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு படம். கடைசிப் படமும் பரீட்சைப் படமும்.

கடைசிப் படத்தை மடிக்கணினிக்கு இழுத்தேன். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கென்று வானம் மத்தியானச் சோற்றுக்கே வந்துவிட்டது. முதல் முழக்கத்தில் என் கணவர் எழுந்தார். நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே நின்றார். கை மட்டும் பிளக்கை நோக்கி நீண்டு அந்தரத்தில் தொங்கியது.

அடுத்த இடி வீட்டுக் கூரையிலேயே விழுந்த மாதிரி இருந்தது. சுவரிலிருந்த மெயின் சுவிட்ச் தானே டப்பென்று விழுந்தது. விசிறி நின்றது. டிஸ்க் ஒரு நீள முனகலோடு அடங்கியது.

"அலமாக்! நான் புடுங்கல! சத்தியமா நான் புடுங்கல!" இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்காட்டினார், போலீஸ் பிடித்த மாதிரி.

சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. மெயின் சுவிட்சைத் தூக்கினால் அடுத்த இடிக்கு மறுபடி விழும். இன்னும் ஒரு தடவை இப்படி நட்டாற்றில் நின்றால் இந்தத் தட்டு எழாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மழை விடும்வரை பொறுக்கலாம் என்றால் இது சாயங்காலம் தாண்டியும் விடுகிற மழையாகத் தெரியவில்லை. டிஸ்க்கும் மணிக்கு மணி பலவீனமாகிக்கொண்டிருந்தது. நான் மேசையைப் பார்த்தபடி நின்றேன். அப்போது அவர் சொன்னார்:

"காருக்குப் போலாம்."

"எதுக்கு?"

"தைப்பூசத்துக்குப் பத்துமலை போறப்போ கார்ல மேசைக் காத்தாடி ஓட்டுவோமே, அந்த இன்வர்ட்டர் பின்னால பெட்டியில இருக்கு. கார் பேட்டரியில போடு. சுவரு இல்ல, மெயின் இல்ல. இடி இடிச்சா என்னா, இடிக்காட்டி என்னா?"

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுதான். அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. "எஞ்சின ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஆட்டம் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு டிஸ்க்கை முட்டைபோல ஏந்திக்கொண்டு நடந்தேன்.

போர்ச்சில் நின்ற பழைய காரில் ஏறினோம். அவர் ஓட்டுநர் இடத்தில், நான் பக்கத்தில். மடியில் மடிக்கணினி, இருவருக்கும் நடுவில் கை வைக்கும் பெட்டிமேல் துண்டு, துண்டுமேல் டிஸ்க். சிகரெட் லைட்டர் ஓட்டையில் இன்வர்ட்டர். போர்ச்சின் தகரக் கூரையில் மழை கொட்டியது. சாரல் அடித்ததால் கண்ணாடியைத் திறக்க முடியவில்லை, உள்ளே ஆவியில் வேகிற இட்லியாக இருந்தோம். டிஸ்க் சுற்றியது. டக் சத்தம் இல்லை. நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டிருப்பார், உதடு அசைந்தது.

கடைசிப் படத்தை மறுபடி இழுத்தேன். பாதிக்குமேல் போனது. போய், அங்கேயே நின்றது. டக். டக். படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. விட்டு, மூச்சு வாங்கவைத்து, மறுபடி இழுத்தேன். அதே இடம். அந்த இடத்தில் தட்டு செத்துப்போயிருக்கிறது, எத்தனை முறை முட்டினாலும் சுவர்தான். இன்னொரு முறை முட்டினால் எல்லாமே போய்விடும். கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு பரீட்சைப் படத்துக்குப் போனேன்.

அப்போது பின் தெருவில் எங்கோ ஒரு பேரிடி. அவர் கை தானாக இன்வர்ட்டர் கம்பியைப் பிடித்துவிட்டது. நான் அந்தக் கையின்மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"ஐயோ, கை தானா போவுது, நான் என்னா செய்ய!"

"என் கையில குடுங்க அத."

அவர் கையைப் பிடித்து என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பிளக்கைக் காப்பாற்றத்தான். அந்தக் கை ஒவ்வொரு இடிக்கும் துள்ளியது. அவருக்கு உண்மையாகவே பயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அதை ஒரு கெட்ட பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிடியை விடவில்லை. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து ஓரத்தைத் தொட்டது. பரீட்சைப் படம் முழுசாக வந்துவிட்டது.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். அவர் ஹாரனை அழுத்திவிட்டார், சந்தோஷத்தில். அடுத்த வாடிக்கைப் பெட்டியை எடுக்கலாம் என்று இழுத்தேன். டிஸ்க் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதன்பிறகு எத்தனை தட்டியும் எழவில்லை. என் பழைய மயில்களும் மாங்காய்களும் அதோடு போயின. அதற்கு நான் வருத்தப்பட்டேன், ஆனால் அழவில்லை. மயிலை மறுபடி வரையலாம்.

மழை விட்ட பிறகு புது டிஸ்க்கைக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தினேன். பழைய டிஸ்க் இருந்த இடம் பெரிது, புதியது சிறிது, ஆடியது. ஒரு அட்டைத் துண்டை மடித்து முட்டுக்கொடுத்து இறுக்கினேன். பழைய சிடியிலிருந்து மென்பொருளை ஏற்றினேன். கிழவன் இளைஞனாகிவிட்டான். முன்பெல்லாம் அவன் எழுவதற்குள் நான் ஒரு தே ஓ குடித்துவிடுவேன். இப்போது தண்ணீர் கொதிக்கும் முன்னே எழுந்து நின்றான். எனக்கே ஒரு பெருமை, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன்.

பெருமை கொஞ்ச நேரம்தான். பரீட்சைப் படத்தைத் திறந்தேன். குலை இருந்தது. அது கடைசிப் படத்தில் உள்ள அதே குலைதான். ஓலை இல்லை, ஆனால் ஓலையை நான் திரும்ப வரைந்துவிடலாம், அது லேசு. கீழே, நான் ஓரமாகத் தள்ளி வைத்த பழங்கள் அப்படியே சிதறிக் கிடந்தன. அவற்றை நீக்கப் பார்த்தேன். வந்தது மெஷின் தைக்கும் படம், வரைந்த படம் அல்ல. அரைத்த மாவு திரும்ப அரிசியாகாது. ஆரஞ்சு நூல் ஒரே ஓட்டமாக மேலிருந்து இறங்கி, அந்தப் பழங்களைச் சுற்றி, மறுபடி குலைக்குள் ஏறுகிறது. கீழே வெட்டினால் மேலே குலை அவிழ்கிறது. பலவிதமாக முயன்று பார்த்தேன். திரையில் குலை சிதறி வேலியோரக் குப்பைபோல ஆனது. முயற்சியை விட்டேன்.

பெண்ணிடம் சொன்னேன். "தைங்க ஆன்ட்டி" என்றாள். "ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்காதுமா." "இருக்கட்டும் ஆன்ட்டி. செம்பனை இருந்தாப் போதும்." போதும் என்று அவள் சொன்ன விதத்தில் போதவில்லை என்பது தெரிந்தது.

படத்தை இடது கைக்காகத் திருப்பி, புதிதாக ஓலை போட்டுச் சேர்த்துத் தைத்தேன். நூல் மாற்றும்போது மெஷினை விட்டு நகரவில்லை. கரும்பச்சைப் பட்டில் கறுப்பு இறங்கியது, சிவப்பு இறங்கியது, கடைசியில் ஆரஞ்சு. குலை வலது கையோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதற்குக் கீழே, கைவிளிம்பை ஒட்டி, அந்தப் பழங்கள் தாறுமாறாகக் கிடந்தன. பிரிக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். பட்டில் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். மேலே கல் ஒட்டி மறைக்கலாம் என்று ஒரு யோசனை. எதையும் அவளைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று ரவிக்கையை முடித்து, மடித்து, பிரிக்கும் ஊசியை அதன்மேலேயே வைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்தினம் மத்தியானம் பெண் வந்தாள், அவள் அம்மாவோடு. அந்த அம்மாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒல்லி, வெயிலில் காய்ந்த முகம். நகத்தடியில் கறை. கல்யாண வீட்டுக்கு மருதாணி வைத்தும் மறையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். என் கணவர் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து பெண்ணுக்குப் போட்டுவிட்டு, ஏதாவது ஏச்சு விழுந்தால் தானும் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோலப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, வலது கை நீங்க பாத்ததுதான். எடது கையில கொஞ்சம் பழம் கீழ விழுந்துருச்சு. என் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதால வந்த கோளாறு. நீங்க சொன்னா மேல கல்லு ஒட்டி மறைச்சுர்றேன்" என்று சொல்லி, ரவிக்கையை விரித்து அவர் மடியில் போட்டேன்.

பெண் கைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்த அம்மா வலது கையைத் தடவினார், தலையாட்டினார். பிறகு இடது கையை எடுத்தார். அவர் விரல்கள் குலைக்குப் போகவில்லை. நேராகக் கீழே போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, பட்டில் கிடந்த ஒரு பழத்தைக் கிள்ளி எடுக்கப் பார்த்தன. அது வரவில்லை என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பழக்க தோஷம் தங்கச்சி. கீழ கெடந்தா கை சும்மா இருக்காது."

"மறைச்சுரவா அக்கா?"

"ஏன் மறைக்கணும்? நல்லாருக்கே! பழம் கீழ உதுந்தாத்தானே குலை பழுத்துருச்சுன்னு அவரு வெட்டுவாரு. உதிராத குலைய வெட்டுனா காயின்னு வேலைய மேற்பாக்குற மண்டோரு ஏசுவாரு." மகள் பக்கம் திரும்பினார். "இந்தா பாரு. அந்தக் கையில குலை மட்டும் இருக்கு, அது உங்கப்பா. இந்தக் கையிலதான் பழம் கெடக்கு. இதுல நானும் இருக்கேன்."

பெண் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் ரவிக்கைமேல் கண்ணீர் படாமல் தள்ளிப் பிடித்தார். நான் பிரிக்கும் ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

வெளியே இடி இடித்தது. பக்கத்திலேயே, பலமாக. என் கணவர் எழவில்லை. அந்த அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் எழுந்துபோய், கம்ப்யூட்டரை முறையாக நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கினேன்.